காவலில் நின்றவனின் கோப்பை

மேசையின் தலைப்பக்கத்தில் ஒரு சூப் கோப்பையைக் கவிழ்த்து வைத்திருந்தார்கள். அதன் முன்னால் ஒரு சிப்பாயின் படம். மீசை கூட ஒழுங்காக முளைக்காத முகம்.

சுவிஸில், ஃப்ரிபூர்க்கில் நான் வேலை செய்யும் உணவகத்துக்கு, பிரெஞ்சு பேசும் பழைய காலாட்படை ரெஜிமென்ட் ஒன்றின் சங்கத்து ஆட்கள் வருடத்தில் ஒரு ஞாயிறு மதியம் வருவார்கள். உலகப்போரில் ஜூரா மலை எல்லையைக் காத்த படை. 1940 பனிக்காலத்தில் காவலுக்குப் போன இந்தப் பொடியன் திரும்பவில்லை, உடலும் கிடைக்கவில்லை. படத்தின் கீழே எழுதியிருந்தது. இத்தனை வருடம் பாத்திரம் கழுவிய எனக்கு இந்த முறைதான் பரிமாறும் வேலை. செத்த பிள்ளைக்கு முன்னால் வெறுங்கோப்பையையா வைப்பது? விசரர்கள். கோப்பையை நிமிர்த்தி, பட்டாணி சூப்பை நிறைய ஊற்றி, ஒரு துண்டு பாண் ரொட்டியும் வைத்தேன்.

வீட்டில் என் தம்பி மதிவதனனுக்கு நான் இன்னும் படைத்ததில்லை. இரண்டாயிரத்து ஒன்பதில் இலங்கையில் போர் முடிந்த நேரம் காணாமற்போனவன். இங்கே வந்துவிடுவான் என்று அவனுக்காக வாங்கிய தட்டு அலுமாரியில் கிடக்கிறது. போன கிழமையும் என் கணவர் இரவீந்திரன் கேட்டார்.

"ஒரு நாளைக் குறிச்சுப் படைப்பம், வதனி. பொடியன் பசியோட நிப்பான்."

"அவன் செத்ததை நீங்கள் கண்டனீங்களோ?" என்று சீறினேன். படைத்தால் நானே அவனைக் கொன்ற மாதிரி ஆகிவிடும்.

நான் சூப் ஊற்றியதைக் கண்டு மண்டபத்தில் எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். சங்கத் தலைவர் மொசியூ பெர்னார் எழுந்து வந்தார். எண்பது வயது. காணாமற்போனவன் அவருடைய அப்பாவின் கூட்டாளியாம். அவன் இன்னும் காவலில் நிற்கிறான், வரும்வரை அவன் கோப்பையை யாரும் நிமிர்த்துவதில்லை, அதுதான் வழக்கம் என்றார். வேலை போச்சு என்று நினைத்தேன்.

"நாங்கள் போன ஆக்களைப் பட்டினி போடமாட்டம், மொசியூ," என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன்.

அவர் ஆவி பறந்த சூப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். கண் கலங்கிவிட்டது.

"எண்பத்தைந்து வருடமாக அவனைக் குளிரில் நிறுத்தி வைத்திருக்கிறோம். காவல் மாற்றிவிட எங்களில் ஒருவருக்கும் மனம் வரவில்லை," என்றவர் என் கையைப் பிடித்தார். "நீங்கள் மாற்றிவிட்டீர்கள், மதாம். அவன் சாப்பிடட்டும்."

சமையலறைக்குள் ஓடிப்போய் அழுதேன்.

பின்னேரம் வீட்டுக்கு வந்ததும் அரிசி களைந்து உலையில் போட்டேன். இரவீந்திரன் கத்தரிக்காயை எடுத்து நறுக்கத் தொடங்கினார். அலுமாரியிலிருந்து தம்பியின் தட்டை எடுத்தேன். கடைக்காரன் ஒட்டிய விலைச்சீட்டு இன்னும் அதில் இருந்தது. சுடுதண்ணீரில் நனைத்து, நகத்தால் மெல்ல மெல்லச் சுரண்டினேன்.