தேர் போகும் பாதை

எனக்கு ஓரிடத்தில் நிற்க வராது. மலைநாட்டு நோர்வூட் டவுனில் பலசரக்குக் கடைக்கு மருமகளாக வந்தவளுக்கு இதைவிடப் பெரிய குறை தேவையில்லை. காலையில் கதவு திறந்தால் இரவு சாத்தும் வரை கல்லாப் பக்கத்தில் நின்று பருப்பும் நெத்தலியும் நிறுத்துக் கொடுக்க வேண்டும். கை நிறுக்கும், கால் இரண்டும் பலகைக்குக் கீழே தாளம் போட்டுக்கொண்டிருக்கும். என் மாமியார் சீதாலெட்சுமிக்கு அந்தச் சத்தம் கேட்டாலே பிடிக்காது.

"பூரணி, காலை வச்சுக்கிட்டுச் சும்மா நில்லு" என்பார். நிற்பேன். அவர் அந்தப் பக்கம் திரும்பியதும் மறுபடி ஆரம்பித்துவிடும்.

அதனால்தான் ஓடத் தொடங்கினேன். விடியும் முன் எழுந்து, பனியோடு பனியாக டிக்கோயாப் பக்கம் ஓடிவிட்டு, கடை திறக்க வந்துவிடுவேன். கொஞ்ச நாள் ஒருவருக்கும் தெரியவில்லை. பிறகு டவுனுக்கே தெரிந்தது. முதல் பஸ் கண்டக்டர் கடைக்கு வந்து, "உங்க மருமக விடியுமுன்ன எங்கம்மா ஓடுறாங்க, வீட்டுல ஏதும் சண்டையா?" என்று அத்தையிடமே கேட்டுவிட்டார். அன்றைக்கு அத்தை மதியச் சாப்பாட்டைத் தொடவில்லை. தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்திலிருந்து பெண் எடுத்ததற்குச் சொந்தக்காரர்கள் பேசிய பேச்சையெல்லாம் ஒற்றை ஆளாகத் தாங்கியவர் அவர். இதற்கும் அவரே பதில் சொல்ல வேண்டி வந்தது.

ஹட்டனில் மரதன் ஓட்டம் நடக்கப் போகிறது என்று கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நான் அதையே பார்த்துக்கொண்டிருந்ததை அத்தை பார்த்தார்.

"ஓடணுமா?"

"ஆமா அத்தை."

"ஓடு. நேரத்துக்குள்ள முடிச்சு மெடலைக் கொண்டாந்து இந்தக் கல்லாவுல வை. அப்புறம் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன், எவனையும் பேச விடவும் மாட்டேன். முடிக்கலைன்னா அந்த ஓடுற சப்பாத்தைத் தூக்கிப் பரண்ல போட்டுரு. அதோட சரி."

நான் யோசிக்கவே இல்லை. சரி என்றேன். என் கணவர் ஜனார்த்தனன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மூட்டை அடுக்கப் போய்விட்டார். நாங்கள் பேசிக்கொள்ளும்போதெல்லாம் அவருக்கு அடுக்குவதற்கு மூட்டை கிடைத்துவிடும்.

ஓட்டம் காலையில் ஹட்டனில் தொடங்கியது. டிக்கோயா, நோர்வூட் தாண்டிப் பொகவந்தலாவை போய், திரும்பி வந்து நோர்வூட் மைதானத்தில் முடிக்க வேண்டும். மதியம் இரண்டு மணிக்குப் பிறகு வந்தால் மெடல் இல்லை. விசில் ஊதியதும் நான் பாய்ந்தேன். இறக்கத்தில் ஆண்கள் பலரைத் தாண்டினேன். கொழும்பிலிருந்து வந்த ஒரு பெண், "மெதுவா போங்க அக்கா, ரொம்ப தூரம் இருக்கு" என்றாள். உனக்கு வேண்டுமானால் தூரம் இருக்கும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். எங்கள் கடையைத் தாண்டும்போது அத்தை வாசலில் நிற்பது தெரிந்ததும் இன்னும் வேகமாக ஓடிக் காட்டினேன். அவ்வளவு முட்டாள்தனம்.

பொகவந்தலாவைக்கு ஏறும்போதே கணக்குத் தீர்ந்துவிட்டது. தொடை கட்டை ஆனது. நான் தாண்டியவர்கள் ஒவ்வொருவராக என்னைத் தாண்டினார்கள். கொழும்புப் பெண்ணும் தாண்டினாள். ஒன்றும் சொல்லாமல்தான் போனாள், எனக்கு அதுவே கோபம். துடிக்கிற கால் இருந்தால் நெடுந்தூரம் ஓடிவிடலாம் என்று நினைத்திருந்தேன். துடிப்பு அரை வழிக்குத்தான் காணும் என்று அந்த ஏற்றம் சொல்லிக் கொடுத்தது. நிற்கத் தெரியாதவளுக்கு மெதுவாகப் போகவும் தெரியவில்லை. ஓடினேன், நின்றேன், என்னையே திட்டிக்கொண்டு மறுபடி ஓடினேன்.

திரும்பி வரும் வழியில், தூரம் சரிவருவதற்காக எங்களை ஒரு தோட்டத்து ரோட்டில் ஏற்றி இறக்கினார்கள். அது நான் பிறந்த தோட்டம்.

அங்கே லயத்துக்கு முன்னால் ரோடு போகிறது. அங்கிருந்து முடக்கு முடக்காக மலையைச் சுற்றி வளைந்து கீழே பெரிய ரோட்டில் சேரும். ஆனால் அந்த ரோட்டில் எங்கள் ஆட்கள் நடப்பதில்லை. லயத்துக்குப் பக்கத்திலேயே தேயிலைக்கு நடுவில் ஒரு படிக்கட்டு நேராகக் கீழே இறங்குகிறது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கடை, எல்லாவற்றுக்கும் அதுதான் வழி. கொழுந்து லொறி ரோட்டில் போகும். அதை விட்டால் வருடத்துக்கு ஒரு தரம் மாரியம்மன் தேர் போகும், படிக்கட்டில் தேர் இறங்காது என்பதால்.

லயத்து ஆட்கள் எல்லோரும் வெளியே நின்றார்கள். என் சின்னம்மா நாகலெட்சுமி வாளியோடு ஓடி வந்து என் தலையில் தண்ணீரை ஊற்றினார்.

"மூஞ்சி செத்துப் போச்சே பிள்ளை. இன்னும் நேரம் இருக்கா?"

"கஷ்டம் சின்னம்மா."

"அப்ப ஏன் அந்தப் பக்கம் போற? இப்படி எறங்கு" என்று முதுகில் கை வைத்துப் படிக்கட்டுப் பக்கம் திருப்பிவிட்டார். பக்கத்தில் நின்றவர்களும், "ஆமா, குறுக்கால போம்மா, குறுக்கால போ" என்று ஒதுங்கி வழிவிட்டார்கள். ஏமாற்றச் சொல்கிறோம் என்று அவர்கள் ஒருவருக்கும் தோன்றவில்லை. வீட்டுக்குப் போகிறவளுக்கு வழி சொன்னார்கள், அவ்வளவுதான். எனக்கும் தோன்றவில்லை. பத்து வருடம் பள்ளிக்கூடம் போன படி. எந்தக் கல் ஆடும் என்று காலுக்கே தெரியும், கால் இறங்கிவிட்டது.

பாதிப் படியில் புரிந்தது. நிற்கவில்லை. புரிந்த பிறகும் இறங்கினேன் என்பதுதான் உண்மை.

கீழே ரோட்டோரம் எங்கள் ஆட்டோ நின்றது. என் கணவர் கையை ஆட்டினார். அத்தை தேசிக்காய் பிழிந்த தண்ணீர்ப் போத்தலோடு இறங்கி நின்றார். அவர் வருவார் என்று நான் எதிர்பார்க்கவே இல்லை. கடையைப் பூட்டிவிட்டு வந்திருக்கிறார், அதுவும் ஞாயிற்றுக்கிழமை வியாபாரத்தை விட்டுவிட்டு.

"நல்லா நேரம் இருக்கு பூரணி" என்றார் என் கணவர். "இனி நடந்தே போனாலும் போயிரலாம்."

அத்தை போத்தலை நீட்டினார். நான் குடித்துக்கொண்டிருக்கும்போது அவர் பார்வை என் காலுக்குப் போனது.

"அட்டை" என்றார்.

குனிந்து பார்த்தேன். கணுக்காலில் ஒன்று கொழுத்துத் தொங்கியது. அத்தை குந்தி உட்கார்ந்து, முந்தானையில் முடிந்திருந்த உப்பை எடுத்து அதன் மேல் வைத்து அழுத்தினார். என் காலைப் பிடித்து உப்புத் தேய்த்தவர் முகத்தை நிமிர்த்திப் பார்க்கவில்லை. தார் ரோட்டில் ஓடி வருகிறவள் காலில் அட்டை ஏறாது. தேயிலைக்குள் இறங்கினால்தான் ஏறும். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

கையை உதறிக்கொண்டு எழுந்தார். "தண்ணிய முழுசா குடி" என்றார்.

திட்டியிருந்தால் பதிலுக்குத் திட்டியிருப்பேன். பிடித்துவிட்டேன் பார் என்று சிரித்திருந்தால் ஏதாவது பொய் சொல்லியிருப்பேன். ஒன்றும் சொல்லாமல் போத்தல் மூடியைத் திருகிக்கொண்டிருந்த அந்த மனுஷியைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது, அழுகையும் வந்தது. மெடல் அங்கே, அடுத்த வளைவுக்கு அப்பால் இருந்தது. நடந்தே எடுத்திருக்கலாம்.

திரும்பிப் படியில் ஏறினேன்.

"எங்க போற?" என்றார் என் கணவர். "பூரணி, அந்தப் பக்கம் இல்ல."

இறங்கிய படி ஏறும்போது இரண்டு மடங்காக இருந்தது. கையை ஊன்றி ஏறினேன். மேலே சின்னம்மா வாயில் வெற்றிலையோடு என்னைப் பார்த்துத் திகைத்துப் போனார்.

"ஏன் பிள்ளை, எதையும் விட்டுட்டுப் போனியா?"

"இல்ல சின்னம்மா. இன்னைக்கு ரோட்டாலதான் சுத்திப் போகணும். தேர் போற மாதிரி."

என்ன சட்டம், எந்த நேரம் என்று அவர் கேட்கவே இல்லை. தேர் என்ற அந்த ஒரு சொல் அவருக்குப் போதுமாக இருந்தது. "ரோட்டை விட்டு எல்லாரும் ஒதுங்குங்க, அவ சுத்தித்தான் போகணுமாம்" என்று சத்தம் போட்டார். வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை எனக்கு முன்னால் ரோட்டில் ஊற்றினார், தேர் வாசலுக்கு வரும்போது ஊற்றுவது போலவே.

"வழுக்கப் போகுது சின்னம்மா."

"வழுக்காது, போ."

அந்த முடக்குகள் ஒவ்வொன்றையும் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் காலால் பார்த்தேன். நேரம் போய்விட்டது என்று தெரிந்த பிறகு ஓட்டம் லேசாகிவிடவில்லை. வலி அப்படியே இருந்தது, மனதும் பரபரத்துக்கொண்டுதான் இருந்தது. ஆனால் யாரையும் தாண்ட வேண்டியதில்லை. என்னால் முடிந்த மெதுவில் போனேன், நிற்கவில்லை. கீழே ஆட்டோவைக் காணவில்லை.

மைதானத்தில் கதிரைகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். முடிவுக் கோட்டில் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவு, காற்று இறங்கிப் புல்லில் சுருண்டு கிடந்தது. சிங்களப் பையன் ஒருவன் என்னைப் பார்த்து, "இவரயி அக்கே" என்றான், முடிந்துவிட்டதாம். தெரியும் தம்பி என்று சொல்லிவிட்டு, கோடு போட்டிருந்த இடத்தைத் தாண்டிப் போய் உட்கார்ந்தேன். ஒருவரும் கை தட்டவில்லை.

கடை திறந்திருந்தது. அத்தை கல்லாவில் இருந்தார். என் கணவர் என்னைப் பார்த்ததும் மூட்டைப் பக்கம் நகர்ந்தார். நான் சப்பாத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அத்தை பரணை ஒரு தரம் பார்த்தார்.

"மெடல் இல்ல அத்தை. தோத்துட்டேன்."

"ம்."

"ஆனா பரண்ல போட மாட்டேன். நாளைக்கும் ஓடுவேன்."

அவர் நிமிர்ந்தார். உண்மையாகவே கோபம் வந்துவிட்டது. "சொன்ன சொல்லை இப்படி மீறுறவ, அப்ப எதுக்கு மறுபடி மேல ஏறின? எடுத்துக்கிட்டு வந்திருக்கலாமே. நான் வாயைத் திறந்தேனா?"

"திறக்கல. அதான் ஏறினேன்" என்றேன். "மெடலைக் காட்டி உங்க வாயை அடைச்சுரலாம்னு பாத்தேன் அத்தை. அதுக்குத்தான் சரின்னு சொன்னேன். ஓடாம என்னால இருக்க முடியலன்னு அன்னைக்கே உங்ககிட்ட நேராச் சொல்லியிருக்கணும். இப்ப சொல்றேன். என்னால இருக்க முடியல."

சீனி வாங்க ஒருவர் வந்தார். அத்தை நிறுத்துக் கொடுத்தார், மிச்சம் கொடுத்தார், வந்தவர் போகும் வரை காத்திருந்தார். பிறகு மேசைக்குக் கீழிருந்து ஒரு சிறு உப்புப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"காலையில போறப்ப இதைக் கையில வச்சுக்க" என்றார். "கடை திறக்க நேரமானாலும் பரவாயில்ல. ரோட்டாலயே வா."