பேரத்துக்கு விட்ட இடம்

அத்தானின் விலை உறையைப் பிரித்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. பெட்டி ஒன்றுக்கு ஆயிரத்து நூற்று எண்பது என்று போட்டிருந்தார். ஆயிரத்து எழுபதே கட்டுப்படியாகும் என்று அக்கா வாய் ஓயாமல் சொல்லியிருக்கிறாள். மிச்சம் நூற்றுப்பத்து, பேரத்துக்கு விட்ட இடம்.

டிஜிட்டல் டிவியின் தொழில்நுட்பத் தரத்தை முடிவு செய்யும் அரசுக் குழுவில் குறிப்பெழுதுவது என் வேலை. ஒளிபரப்பு மாறும்போது வீட்டிலிருக்கும் பழைய டிவிக்கெல்லாம் சிக்னலை மாற்றித் தரும் ஒரு பெட்டி வேண்டும். ஒரு தரத்தை ஏற்றால் ஆயிரத்துக்கே வெளிநாட்டுப் பெட்டிகள் வந்து இறங்கும். இன்னொன்றை ஏற்றால் பெட்டியை இங்கேயே செய்யலாம். விலை கொடுத்த ஒரே உள்ளூர் ஆலை அத்தானுடையது. உள்ளூர் விலை பத்து சதவீதம் வரை கூடினால் பொறுத்துக்கொள்வது, தாண்டினால் இறக்குமதி என்று குழு முடிவெடுத்து, வெளியே மூச்சு விடாமல் வைத்திருந்தது.

அந்தப் பத்து சதவீதம் எனக்குத் தெரியும். உறவைச் சொல்லி முதல் நாளே கடிதம் கொடுத்திருந்தேன். "எழுதுங்க, பேசாதீங்க" என்றார் தலைவர். போன மாதம் அக்கா, "எவ்வளவு போட்டா சரியா இருக்கும்?" என்று கேட்டபோது அவள் முழங்கால் வலியைப் பற்றி விசாரித்தேன். நேர்மை என்று அப்போது நினைத்துக்கொண்டேன். பயமாகவும் இருந்திருக்கலாம்.

கூட்டத்தில் தொழில்துறை அதிகாரி மெல்ல ஆரம்பித்தார். "கொஞ்சம் குறைக்க முடியுமான்னு கேட்டுப் பாக்கலாமே சார்?"

"இது என்ன சந்தையா, பேரம் பேச? தேதி முடிஞ்சா முடிஞ்சதுதான்." தேநீர் வைத்துக்கொண்டிருந்த அம்மாவிடம் தலைவர் திரும்பினார். "நீங்க சொல்லுங்கம்மா. ஆயிரத்துக்கு ஒரு பெட்டி, ஆயிரத்து நூத்தியெண்பதுக்கு ஒரு பெட்டி. எதை வாங்குவீங்க?"

"ரெண்டையும் வாங்க மாட்டேன் சார். சும்மா குடுத்தா பாப்பேன்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அந்த அம்மாவுக்கு ஆயிரமே மலை. தலைவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

கையைத் தூக்கி, "அசல் விலை ஆயிரத்து எழுபது" என்று சொல்லலாம். ஏழு சதவீதம்தான். சொன்ன அடுத்த நிமிடம், உனக்கெப்படித் தெரியும் என்ற கேள்வி வரும். அத்தானின் உறையையே தள்ளிவிடுவார்கள். சொன்னாலும் போச்சு, சொல்லாவிட்டாலும் போச்சு. தலைவர் சொன்னதைக் குறிப்பில் எழுதினேன்.

இறக்குமதிக்குச் சாதகமாக ஐந்து கைகள். எதிராக இரண்டு.

சாயங்காலம் குறிப்பைத் தட்டச்சு செய்துகொண்டிருந்தபோது அக்கா அழைத்தாள். திங்களன்று கையெழுத்தாகும்வரை நான் வாய் திறக்கக் கூடாது.

"என்னடி, எப்ப கூப்பிடுவாங்க?"

"எதுக்கு?"

"பேரத்துக்குத்தான். உங்க அத்தான் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டி வெச்சிருக்கார், பொண்ணு பாக்கப் போற மாதிரி. எடுத்த எடுப்புல இறங்கிடாதீங்கன்னு சொல்லியிருக்கேன்."

"ம்."

"அவர் ஆயிரத்து எழுபதுன்னுதான் எழுதினார். வெள்ளந்தி மனுஷன். நான்தான் திருத்தி, கூட்டிப் போடச் சொன்னேன். எப்படி என் சாமர்த்தியம்?"

நாற்காலியின் கைப்பிடியில் உரிந்திருந்த ரெக்ஸினை நகத்தால் கிள்ளினேன்.

"ஆலையில நாப்பது பொண்ணுங்களும் எப்ப வேலை ஆரம்பிக்கும்னு தினம் கேக்குறாங்கடி. புது மேஜைகூடப் போட்டாச்சு." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சரி, நீ ஒண்ணும் சொல்லாதே. உன் வேலைக்கு ஆபத்து வரக் கூடாது."

ஒவ்வொரு குறிப்பின் முடிவிலும் ஒரு வழக்கமான வரி உண்டு. இடது கையில் போனைக் காதோடு வைத்துக்கொண்டு, வலது கையின் ஒரு விரலால் அதை எழுத்து எழுத்தாகத் தட்டினேன். ‘விலை குறித்து வேறு கருத்து எதுவும் எழவில்லை.’

"என்ன டக்டக்குன்னு சத்தம்?" என்றாள் அக்கா.

"வேலைதான் அக்கா" என்றேன்.