தண்ணீர் படியாத பலகை

சோதனைத் துண்டின் மேல்தோல், பழைய டப்பாவில் ஒட்டிய லேபிள் மாதிரி நோகாமல் உரிந்து வந்தது. வெங்கடேஸ்வரி அதை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். நல்ல ஒட்டு என்றால் தோல் இப்படி வராது. அடியில் இருக்கும் தேன்கூட்டு அட்டையைப் பிய்த்துக்கொண்டு, பசையை இரண்டு பக்கமும் அப்பிக்கொண்டு, மல்லுக்கட்டித்தான் வரும். இது வழவழவென்று வந்திருந்தது. இந்த வாரத்தில் இப்படி வந்தது இது மூன்றாவது.

ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற வழியில், பழைய நூல் மில் ஒன்றை இடித்துக் கட்டிய கம்பெனி அது. பயணிகள் விமானத்துக்குத் தரைப் பலகை செய்கிறார்கள். இரண்டு மெல்லிய கண்ணாடியிழைத் தகடுகளுக்கு நடுவே தேன்கூட்டு அட்டையை வைத்து, பசைப் படலத்தோடு சூடான பிரஸ்ஸில் அழுத்தினால் பலகை தயார். ஒரு கையால் தூக்கிவிடலாம். அதன் மேல்தான் சாப்பாட்டு வண்டியை உருட்டுவார்கள், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தாய்மார்கள் நடப்பார்கள். பெங்களூரில் இதே வேலையில் தலை நரைத்தும் தெற்கத்திப் பேச்சு மாறாத வெங்கடேஸ்வரி, ஆனி மாதம் இங்கே தலைமைப் பொறுப்புக்கு வந்தாள். கூடவே அவளுடைய சந்தேக புத்தியும் வந்தது.

முன்பெல்லாம் சோதனைத் துண்டுகளைச் சோதனை அறையிலேயே ஒரு சின்ன பிரஸ்ஸில் தனியாகச் செய்து வந்தார்கள். அது அவளுக்கு ஒப்பவில்லை. வேறு அடுப்பில் வெந்த சோற்றைப் பதம் பார்த்து இந்தப் பானையை இறக்குவதா? அசல் பலகையின் விளிம்பிலிருந்தே வெட்டிக் கொடுங்கள் என்று போன வாரம்தான் மாற்றினாள். மாற்றியதும் தோல் உரிய ஆரம்பித்தது. புது மேடத்தின் ராசி என்று கேன்டீனில் பேசிக்கொண்டதும் அவள் காதுக்கு வந்தது.

யார் கிளப்பிவிட்டிருப்பார்கள் என்று அவளாகவே முடிவு செய்து வைத்திருந்தாள். பிரஸ் கூடத்து சூப்பர்வைசர் தங்கப்பாண்டியன். தேவதானத்துக்காரர், ஏர்போர்ஸில் இருந்து ஓய்வு பெற்றவர். அவள் உட்கார்ந்திருக்கும் நாற்காலியை எம்.டி. முதலில் அவருக்குத்தான் சொல்லி வைத்திருந்தாராம். அந்த மனுஷன் இதுவரை முகம் சுளித்ததில்லை, அதுதான் அவளை உறுத்தியது. ஏமாந்த ஆள் ஒரு நாளாவது முணுமுணுக்க வேண்டாமா? இவர் 'சரிங்க மேடம்' என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவள் கூடத்துக்குள் நுழைந்தால் பேச்சு நின்றுபோகும். எந்நேரமும் திறந்து கிடந்த அவருடைய லாக்கரில் இப்போது ஒரு பித்தளைப் பூட்டு தொங்குகிறது. உரிந்த தோலைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போது அந்தப் பூட்டுதான் அவள் கண்ணுக்குள் ஆடியது.

சோதனை அறைக்கு விளிம்புத் துண்டு கொண்டு வந்த சத்யப்பிரியாவைக் கேட்டாள். வ. புதுப்பட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் பெண். வெங்கடேஸ்வரியே இன்டர்வியூ செய்து எடுத்தவள். மேடம் என்றால் உயிரை விடுவாள்.

"பாண்டியண்ணன் லாக்கர்ல என்னத்த வச்சிருக்காரு?"

"தெரியல மேடம்." அந்தப் பெண் நிமிரவில்லை. கையுறையின் விரல்களை ஒவ்வொன்றாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தாள். பாவம், அவருக்குப் பயப்படுகிறாள் என்று வெங்கடேஸ்வரி நினைத்துக்கொண்டாள்.

அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் சத்யப்பிரியாவைச் சாட்சிக்கு நிறுத்திக்கொண்டு அவரை வரச் சொன்னாள். "அண்ணே, லாக்கரக் கொஞ்சம் தெறங்க."

தங்கப்பாண்டியன் அவளைப் பார்த்தார், அப்புறம் அந்தப் பெண்ணைப் பார்த்தார். பூட்டைத் திறந்தார். மடித்த துண்டுக்குள் ஒரு ஸ்பிரே டப்பா. காரின் டேஷ்போர்டைப் பளபளக்க வைக்க அடிப்பார்களே, அந்தச் சிலிக்கோன் பாலிஷ்.

பசைக்கு அதைவிடப் பெரிய எதிரி கிடையாது. கூடத்தின் ஒரு மூலையில் அடித்தால் போதும், காற்றில் மிதந்து போய் எல்லாத் தகட்டின் மேலும் கண்ணுக்குத் தெரியாமல் உட்கார்ந்துகொள்ளும். அப்புறம் எந்தப் பசையும் பிடிக்காது. அப்படியும் அவளுக்குள் வெட்கமில்லாமல் ஒரு சந்தோஷம் எழுந்தது. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று.

"எத்தன நாளா இதச் செய்யுதீக?"

"நான் அடிக்கல மேடம். அடிக்க விடாமத்தான் எடுத்து வச்சேன்."

"பொறவு யாரு அடிச்சா?"

பின்னால் விசும்பும் சத்தம் கேட்டது. சத்யப்பிரியா சுவரோடு சுவராக ஒட்டி நின்றிருந்தாள். "நாந்தான் மேடம். எங்க மாமா டாக்ஸி ஓட்டுதாக. அவியகிட்ட வாங்கியாந்தேன். ஆயுத பூஜைக்கு நீங்கதான சொன்னீக..."

சொன்னாள்தான். எம்.டி. வருகிறார், மெஷின் ஒவ்வொன்றிலும் முகம் தெரிய வேண்டும் என்று கூடத்தின் நடுவில் நின்று சொன்னாள். மறுநாள் சந்தனம், குங்குமத்தோடு பிரஸ் புது வண்டி மாதிரி மின்னியதும், எல்லோர் முன்னாலும் இந்தப் பெண்ணைப் பாராட்டினாள். வெள்ளிக்கிழமை தோறும் இப்படியே இருக்க வேண்டும் என்றும் சொன்னாள். பசையை மில்லிகிராம் கணக்கில் கேள்வி கேட்கிறவள், இந்தப் பளபளப்பு எங்கிருந்து வந்தது என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"போன வெள்ளிக்கெழமதான் நான் பாத்தேன்," என்றார் தங்கப்பாண்டியன். "பிடுங்கி வச்சிட்டு, மெஷின் பூராத்தையும் தொடச்சேன். சரியாயிரும்னு நெனச்சேன். ஏசிக்குள்ளயே போயிருச்சு போல."

"தோலு உரிஞ்சு வந்தப்பவாச்சும் எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லண்ணே?"

"சொன்னா இந்தப் புள்ளைக்கு வேல போயிரும். உங்க பேரும் வரும். நீங்க வெளியூர்ல இருந்து வந்தவுக. உங்கள காப்பாத்திக்கிட ஆரப் பலி குடுப்பீகன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

அந்தக் கேள்வி சுருக்கென்று தைத்தது. இத்தனை நாளும் அவள் அவரை வேவு பார்த்தாள், அவரும் அவளை வேவு பார்த்திருக்கிறார்.

மூலையில் மூன்று பலகைகள் பேக்கிங்குக்காகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. ஆயுத பூஜைக்குப் பிறகு செய்ததில் பாதிக்கு மேல் ஏற்கெனவே பெட்டி கட்டிப் போயாயிற்று. இதனால் விமானம் ஒன்றும் கீழே விழுந்துவிடாது. என்றைக்காவது ஒரு நாள், மேலே ஆள் நடக்கும்போது பலகை பொத்தென்று உள்வாங்கும். அவ்வளவுதான் என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது ஆறுதலாக இல்லை. விமானக் கம்பெனிக்குப் போன் செய்து உள்ளதைச் சொன்னால் ஆர்டர் போகலாம். கூடத்துப் பெண்கள் மறுபடி தாங்கள் விட்டு வந்த பேண்டேஜ் துணித் தறிக்கே போக வேண்டியிருக்கலாம். அவள் நாற்காலி போவது மட்டும் நிச்சயம்.

"போன் போடாதீக மேடம்," என்றார் தங்கப்பாண்டியன் மெதுவாக. "பேக்கிங்ல தப்பு நடந்துபோச்சு, திருப்பி அனுப்புங்கன்னு மெயில் போடுவோம். வந்ததும் பூராத்தையும் ஒடச்சுப் போட்டுட்டுப் புதுசா செஞ்சு குடுப்போம். விஷயம் நம்ம மூணு பேரத் தாண்டாது."

நல்ல யோசனைதான். நல்ல யோசனையாக இருந்ததுதான் பயமாக இருந்தது. அவள் அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டால், காலத்துக்கும் அவளுடைய குடுமி இந்த மனுஷன் கையில். உண்மையைச் சொன்னாலோ அவள் போவாள், நாற்காலி அவருக்கு வந்து சேரும். எந்தப் பக்கம் விழுந்தாலும் அவருக்கு நஷ்டம் இல்லை. இல்லை, நிஜமாகவே அந்தப் பெண்ணுக்காகத்தான் சொல்கிறாரோ? அவர் முகத்தைப் பார்த்தாள். வெயிலில் காய்ந்த, மீசை நரைத்த, எதையும் காட்டிக்கொடுக்காத முகம். டப்பாவைத் தூக்கி எறியாமல் ஏன் துண்டில் சுற்றிப் பத்திரமாக வைத்திருந்தார் என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அதற்கும் ஒரு நல்ல பதில் வரும் என்று தோன்றியது, விட்டுவிட்டாள்.

சாய்த்திருந்த பலகைகளில் ஒன்றை எடுத்து மேஜையில் படுக்க வைத்தாள். தகடு கழுவும் அறையிலிருந்து தண்ணீர்த் தெளிப்பானைக் கொண்டு வந்தாள். சுத்தமான பரப்பு என்றால் தண்ணீர் மெல்லிய படலமாகப் படர்ந்துவிடும், எண்ணெய்ப்பசை இருந்தால் படியாது. தகட்டைக் கழுவியதும் இப்படித் தெளித்துப் பார்ப்பது வழக்கம்தான். கழுவிய தகடு இந்தக் கூடத்துக்குள் வந்த பிறகு இங்கே யாரும் தெளித்துப் பார்த்ததில்லை.

தெளித்தாள். தண்ணீர் படரவில்லை. பலகை முழுக்க முத்து முத்தாக எழுந்து நின்றது.

சத்யப்பிரியா அழுகையை நிறுத்திவிட்டு அதையே பார்த்தாள். வெங்கடேஸ்வரி போனை எடுத்து விமானக் கம்பெனியின் தர அதிகாரி எண்ணைத் தேடி அழுத்தினாள். ஸ்பீக்கரில் போட்டுப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"மேடம்..." என்றார் தங்கப்பாண்டியன்.

"மூணு பேரும் இங்கயே நிப்போம்ணே. நான் என்ன சொல்லுதேன்னு நீங்களும் கேளுங்க."

அவர் என்ன நினைத்தாரோ, டப்பாவைத் துண்டோடு கொண்டு வந்து போனுக்கு அருகில் வைத்துவிட்டு ஓரடி தள்ளி நின்றார். போன் அடித்துக்கொண்டே இருந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து, அடுத்த கூடத்தில் கம்ப்ரஸர் ஓட ஆரம்பித்தது. மேஜை அதிர்ந்தது. பலகையின் மேல் துளிகள் நடுங்கின, ஒன்றிரண்டு உருண்டு இடம் மாறின. எதுவும் படியவில்லை.