பூனைக்கு வந்த அம்மை

என் வீட்டுக்காரர் மகேந்திரனுக்குப் பூனை பிடிக்காது. ஊரெல்லாம் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிவார். எங்கள் பூனை துளசி வாந்தியெடுத்து, தண்ணீர்கூடக் குடிக்காமல் சுருண்டதும், வேலைக்கு லீவு போட்டுவிட்டு, துண்டில் சுற்றி ஈப்போ டவுனுக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரும் அவர்தான்.

"பார்வோ வைரஸ்" என்றார் மிருக வைத்தியர். மனிதருக்கு ஒட்டாதாம். ஆனால் நம் கையிலும் செருப்பிலும் ஏறி அடுத்த பூனையிடம் போய்விடுமாம். தடுப்பூசி போடாத பூனை பிழைப்பது கஷ்டம். வெளியாட்களை உள்ளே விடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்.

அவருக்கென்ன, சொல்லிவிட்டார். எங்கள் தாமான் குடியிருப்பில் முக்கால்வாசிப் பேர் ஒரே ரப்பர் தோட்டத்திலிருந்து வந்தவர்கள். ஒரு வீட்டில் உடம்பு சரியில்லை என்றால், தோட்டத்து லய வீடுகளில் இருந்த காலம் போலவே எல்லாரும் திரண்டு வந்து பார்ப்பார்கள். பக்கத்து வீட்டு வீரம்மா அக்கா மீன் கஞ்சியோடு கிளம்பிவிட்டார். அவர் வீட்டில் மூன்று பூனைகள், ஒன்றுக்கும் ஊசி கிடையாது.

"வராதீங்கக்கா, வைரஸ்!"

"மனுசனுக்கு ஒட்டாதுன்னு நீதான்லா சொன்ன? இரு, வாரேன்."

என் வீட்டுக்காரர் அவசரமாக ஓடி கேட்டில் வேப்பிலையைக் கட்டினார். அக்கா சாலையிலேயே நின்றுவிட்டார்.

"யாருக்குப்பா அம்மை?"

"எனக்குத்தாங்கக்கா" என்று முனகினார். மாரியாத்தா மன்னிக்கட்டும், அந்த முனகலுக்கு ஒரு பரிசே கொடுக்கலாம்.

அதன்பிறகு அம்மைக்காரர் டீக்கடைப்பக்கம் தலைகாட்ட முடியவில்லை. அங்கே நுரைக்க ஆற்றித் தரும் தே தாரேக்கு ஏங்கியபடி, துளசியின் வாயில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "தாயி, ஒரு வாய்டி" என்று அவர் கெஞ்சிய கெஞ்சலை என்னிடம் ஒருநாளும் கெஞ்சியதில்லை. பொறாமையாக இருந்தது. செத்துவிடுமோ என்று பயமாகவும் இருந்தது.

ஒரு காலையில் துளசி அவர் விரலிலிருந்த மீனை நக்கியது. மனிதர் குழந்தை மாதிரி அழுதார்.

சாலையிலிருந்து குரல் வந்தது. "மகேன்! அம்மை வந்தவன் பூனைகிட்ட கெஞ்சுறது ரோட்டு வரைக்கும் கேக்குது. அன்னைக்கே தெரிஞ்சிக்கிட்டேன். என் மூணுக்கும் ஊசி போட்டாச்சி. துளசி சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டாக்கா!"

அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வாங்க என்று சொல்லவும் முடியாமல், சொல்லாமலிருக்கவும் மனமில்லாமல் நான் வாசலில் நின்றேன்.

"நீ கூப்பிட்டாலும் வரமாட்டேன்லா" என்றார் அக்கா. "வீட்ல மூணு பூனைப் புள்ளைங்க இருக்கு."