அண்ணி ஓட்டிய கார்

கொழுந்தனின் காரை இரவல் வாங்கிப் போன அண்ணி, அதை வீட்டு கேட் தூணிலேயே மோதிவிட்டாள்.

"இன்சூரன்ஸ்காரர் கேட்டா நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன். நீங்க வாயே திறக்காதீங்க அண்ணி" என்று அவன் படித்துப் படித்துச் சொன்னான். ஐந்தடிகூட இல்லாத அண்ணி அதற்கெல்லாம் மசிகிற ஆளா?

சேதம் பார்க்க வந்தவரிடம், "ஓட்டினது நான்தான் சார். தம்பி எனக்காகப் பொய் சொல்லும், நம்பாதீங்க" என்று போட்டு உடைத்தாள்.

"லைசென்ஸ் இருக்கா? இவர்கிட்ட கேட்டுத்தானே எடுத்தீங்க?" என்று அவர் கேட்க, அண்ணி தலையாட்டினாள். "அப்ப இன்சூரன்ஸ் கிடைக்கும். பொய் சொல்லியிருந்தாத்தான் வம்பு" என்றவர், டிரைவர் சீட்டைக் காட்டிச் சிரித்தார். அது ஸ்டியரிங்கோடு ஒட்டிக்கொண்டு நின்றது. ஆறடிக்காரன் முழங்காலை எங்கே மடக்கியிருப்பானாம்?

அவன் சாவியை நீட்டினான்.

"ஒர்க்‌ஷாப்புக்கும் நீங்களே ஓட்டுங்க அண்ணி. சீட்டு உங்க அளவுக்கே இருக்கட்டும்."