இரும்பு பீரோவும் ஆறு விளக்குகளும்

அன்று காலை மில்லின் ஸ்டோர் ரூமில் இருந்தது நாலு பேர். மேனேஜர் ராஜரத்தினம், நாற்காலியில். ஸ்டோர் கீப்பர் பாஷ்யம், சாவிக்கொத்தும் கையுமாக, நின்றபடி. பதிலி வயர்மேன் சோலைராஜ், தரையில் குத்தவைத்து. கூட்டுகிற அய்யம்மாள், வாசல் நிலைக்கு வெளியே விளக்குமாறோடு. ஐந்தாவதாக அங்கே இருந்திருக்க வேண்டியவன் கேட்டுக்கு எதிரே டீக்கடை நிழலில் நின்றுகொண்டிருந்தான். ஆண்டிச்சாமி. அய்யம்மாளின் மகன், சோலைராஜின் அக்காள் புருஷன். மில்லில் திருடன் என்று சொல்லி வெளியே அனுப்பப்பட்டவன்.

திருட்டுப் பொருள் என்று சொல்லப்பட்டது பேட்டரி. ஸ்பின்னிங் ஓடும் இடத்தில் பஞ்சுத் தூசி புகையாகப் பறக்கும். ஒரு பொறி போதும். அதனால் முதலாளி ஜப்பானிலிருந்து ஆறு கைவிளக்கு வரவழைத்திருந்தார். அதைச் சார்ஜ் செய்ய வயர் செருக வேண்டாம். ஸ்டாண்டின் குழியில் நிறுத்தி வைத்தால் ஸ்டாண்டுக்குள் இருக்கும் காயிலிலிருந்து விளக்குக்குள் இருக்கும் காயிலுக்குக் கரண்ட் தாவி ஏறிக்கொள்ளும். அந்த ஊர் கரண்ட் நம்முடையதில் பாதி என்பதால் குறைத்துக் கொடுக்க ஒரு கன்வெர்ட்டர் பெட்டியும் கூடவே வந்தது.

வந்த புதிதில் விளக்குகள் பாஷ்யத்தின் மர மேஜை மேல் இருந்தன. ஷிப்ட் முழுக்க எரிந்தன. விலையுள்ள சாமான் என்று மேனேஜர் புதிதாக இரும்பு பீரோ வாங்கி உள்ளே வைத்துப் பூட்டச் சொன்னார். கொஞ்ச நாளில் மெஷினுக்கு அடியில் குனியும்போதே விளக்கு அணைந்தது. விளக்கை எடுத்துக் கொடுத்து வாங்கி வைக்கிற வேலை ஆண்டிச்சாமியுடையது. நல்ல பேட்டரியை விற்றுவிட்டுச் செத்த பேட்டரியைப் போட்டுவிட்டான் என்றார்கள். இப்போது டீக்கடையில் அவனுக்குப் பேரே மாறிவிட்டது. "ஏலே பேட்டரி, டீ குடிச்சா சார்ஜ் ஏறுதா?" என்று பஸ்ஸுக்கு நிற்கிறவன்கூடக் கேட்கிறான்.

கோளாறு பார்க்கச் சோலைராஜை விட்டார்கள். கன்வெர்ட்டரில் மீட்டர் வைத்துப் பார்த்தான், வோல்டேஜ் சரி. கேபிளை மாற்றினான். ஒரு விளக்கைப் பிரித்தான். பேட்டரி ஜப்பான் பேட்டரிதான், மேலே ஒட்டிய தாள்கூடக் கிழியவில்லை. அதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் ஓடவில்லை. வழி சொன்னது அய்யம்மாள்தான், அதுவும் வைதுகொண்டே.

"என்ன எழவு பீரோவோ! தட்டத் தொடைக்கப் போனா தோசைக்கல்லு கணக்காச் சுடுது. உள்ள என்னலே அடுப்பா வச்சிருக்கிய?"

சோலைராஜ் ஸ்டாண்டைத் தூக்கிவிட்டு உள்ளங்கையை வைத்துப் பார்த்தான். ஸ்டாண்ட் சுடவில்லை. அது இருந்த இடத்தில் இரும்பு சுட்டது. ஒரு ஸ்டாண்டை மட்டும் வெளியே எடுத்து, உடைந்த பாபின் பெட்டியின் பலகை மேல் வைத்தான்.

அதில் சார்ஜ் ஏறிய விளக்கைத்தான் இப்போது மேனேஜர் முன்னால் எரியவிட்டான். வெள்ளையாக எரிந்தது. பீரோவிலிருந்து எடுத்த ஐந்தும் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தன.

"கரண்ட் பேட்டரிக்குப் போகல சார். தட்டு இரும்பு அம்புட்டையும் குடிச்சிருது. குடிச்சிட்டுச் சுடுது."

"நான் அப்பவே சொன்னேன், மேஜையிலேயே இருக்கட்டும்னு…" என்று ஆரம்பித்த பாஷ்யம், மேனேஜர் முகத்தைப் பார்த்துவிட்டுச் சாவிக்கொத்தைத் தடவினார்.

"அப்ப எங்க மச்சான் பேட்டரிய மாத்தல சார்," என்றான் சோலைராஜ். வெளியே விளக்குமாற்றுச் சத்தம் நின்றது.

ராஜரத்தினம் விளக்கை அணைத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"அவனப் பத்தி இப்ப யாரு கேட்டா? களவாணிப் பயன்னு முதலாளிகிட்டச் சொல்லி நிறுத்துனது நான். இப்பப் போயி, அவன் களவாங்கல, நான் வாங்குன பீரோதான் களவாண்டுச்சுன்னு சொல்லவா?"

மேனேஜர் பாபின் பலகையை விரலால் காட்டினார்.

"மரத்துல வச்சா எரியும்லா? பீரோவுக்குள்ள பலகையப் போடு."

"போட்டுப் பாத்தேன் சார். மேல் தட்டுல விளக்கு இடிக்கி. சுத்தியும் இரும்பு வேற. மரத்துல ஒரு அலமாரி அடிச்சிட்டா…"

"இன்னொரு அலமாரியா? இந்த பீரோவுக்கே முதலாளி மூஞ்சத் தூக்குனாரு."

"வெளியில வச்சா யாராவது கூடவே இருக்கணுமே சார்," என்றார் பாஷ்யம். "நான் சாமான் கொடுக்க அங்கயும் இங்கயும் போவேன்."

மேனேஜர் சோலைராஜைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இவன் இருக்கட்டும். சார்ஜ் ஏறி முடியற மட்டும் உள்ள இருக்கட்டும். நீரு வெளிய பூட்டிக்கிடும். ஏலே சோலை, பெர்மனன்ட்டுக்கு உன் பேரச் சொல்லுதேன். சந்தோசம்தான?"

"சார், சன்னல் இல்லாத ரூமு. கன்வெர்ட்டர் பெட்டி சூடாகும். இங்கயும் பஞ்சு பறக்கு…"

"அதப் பாக்கத்தான உன்ன வைக்கேன்."

மேனேஜர் போனபிறகு பாஷ்யம் ஒரு கூஜாவில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். "ஏதாவதுன்னா கதவத் தட்டு," என்றார். சொன்ன சொல்லே பக்கத்து மெஷின் இரைச்சலில் பாதிதான் கேட்டது. அவரும் அதைக் கவனித்தார்.

அய்யம்மாள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "ஏலே சோலை. கேட்டுல நிக்கவன்கிட்ட என்ன சொல்லட்டும்?"

"வீட்டுக்குப் போகச் சொல்லுங்க அத்தை."

"வேற?"

அவன் பலகைகளை வரிசையாகப் பரப்பி, ஸ்டாண்டுகளை ஒவ்வொன்றாக வைத்தான். அவள் நிற்பது முதுகில் தெரிந்தது. பிறகு தெரியவில்லை.

கன்வெர்ட்டர் முனகத் தொடங்கியது. ஆறு ஸ்டாண்டிலும் சிவப்புப் புள்ளி வந்தது. காலியான பீரோ சுவரோரம் வாயைத் திறந்துகொண்டு நின்றது. அதன் சாவி அதிலேயே தொங்கியது. கன்வெர்ட்டர் பெட்டி மேல் அதற்குள்ளாகவே விழுந்திருந்த பஞ்சைச் சோலைராஜ் விரலால் வழித்துப் போட்டான். கதவு சாத்தப்பட்டது. வெளியே பூட்டு விழுந்தது. பாஷ்யம் வழக்கம்போல இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.