சொந்தக்காரர் இல்லாத ஊர்

1

இந்தக் கதை எனக்கு மதிலுக்கு மேலால் கிடைத்தது. ஒட்டுக்கேட்டேன் என்று எண்ண வேண்டாம். கொடியில் உடுப்புக் காயப்போட்டுக்கொண்டு நின்றேன். (ஏற்கெனவே காய்ந்த உடுப்பு. அதை விடுங்கள்.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘நெல்லியடியில் அன்று வீசிய காற்றில் ஏதோ ஒரு —’

வேண்டாம். காற்றுக்கு இதில் வேலையில்லை. பக்கத்து வீட்டுத் தயாளினி ரீச்சரும் புருஷன் சுபாஸ்கரனும் பள்ளிக்கூட விடுமுறைக்கு நாலு நாள் சிங்கப்பூர் போகிறார்கள். முதல் வெளிநாடு. அவ்வளவுதான் செய்தி.

2

ஊர் முழுக்க லண்டன், கனடா என்று பறக்க, இவர்களுக்கு ஏன் சிங்கப்பூர்? ரீச்சர் சொன்னதைச் சொன்னபடியே தருகிறேன்.

“அங்கைதான் எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லை. ஒரு வீட்டையும் போய்ச் சோறு தின்னத் தேவையில்லை. ஆத்தங்கரையிலை ஒரு வாங்கிலை காலை நீட்டி ஆறுதலா இருந்திட்டு வருவம்.”

“நாலு நாளுமோ?”

“ஓம். நாலு நாளும்.”

சுபாஸ்கரன் கணக்கு வாத்தியார். கொப்பியில் கோடு போட்டு, நேரசூசி மாதிரி, எட்டு மணிக்குப் பூங்கா, எட்டு நாற்பதுக்கு நூதனசாலை என்று எழுதியிருந்தார். ரீச்சர் சிவப்புப் பேனையால் எல்லாவற்றையும் வெட்டிவிட்டுக் குறுக்கே ஒரு சொல் எழுதினா: ஆறுதல்.

இருபத்தாறு வருஷம் மணிச்சத்தத்துக்கு எழும்பி, மணிச்சத்தத்துக்கு இருந்த மனுசி. அந்தச் சிவப்புச் சொல் தப்புமா என்பதுதான் கதை.

3

இங்கே கதைக்கு ஒரு கெட்ட ஆள் தேவைப்பட்டது. ஒரு மாமியாரை எழுதிப் பார்த்தேன். ரீச்சருக்கு மாமியார் இல்லை. பொறாமைக்கார மச்சாள் ஒருத்தியை — சரி, மறைப்பானேன். கடை டிலக்ஷியிடம் மட்டும்தான் நான் இதைச் சொன்னேன்.

பின்னேரமே ரீச்சர் வீட்டுக்குப் பார்சல்கள் வரத் தொடங்கின. சிங்கப்பூரில் எங்கள் ஆட்கள் இல்லையாம்! இராசநாயகத்தாரின் மகள் இருக்கிறா. தபால்காரரின் மருமகன் இருக்கிறார். டிலக்ஷிக்கே ஒரு சித்தி இருக்கிறா. ஒடியல், பருத்தித்துறை வடை, எள்ளுருண்டை. சுபாஸ்கரனுக்குப் புளுகம் தாங்கவில்லை, சிவப்புச் சொல்லுக்கு மேலேயே நீலப் பேனையால் விலாசங்களை எழுதிக்கொண்டு போனார். நாளுக்கொரு வீடு. மூன்று நாள் நிரம்பிவிட்டது.

நேற்று ரீச்சர் மதிலடிக்கு வந்தா.

“அக்கா, நீங்கள் ஆருக்கும் சொன்னனீங்களோ?”

“நானோ? எனக்கேன் பிள்ளை உந்த வேலை?”

(இந்த வரியை நாலு தரம் திருத்தினேன். ஒரு பிரதியில் உண்மையைச் சொல்லி மன்னிப்பும் கேட்கிறேன். வாசிக்க நன்றாக இல்லை.)

அவ என் கையைப் பார்த்தா. கையில் ஒரு கிலோ மிளகாய்த்தூள். என் தங்கச்சியின் மகன் றஜிந்தனும் அங்கேதான்.

“வடிவாக் கட்டியிருக்கிறன் பிள்ளை. கொட்டுப்படாது.”

ரீச்சர் வாங்கினா. மதில் மேல் வைத்தா. உள்ளே போய்விட்டா.

4

முடிவு ஒன்று: நாலு வீட்டிலும் நாலு விருந்து, ‘சாப்பிடாமல் போகேலாது.’ முடிவு இரண்டு: பார்சல் எல்லாவற்றையும் வீட்டில் பூட்டிவிட்டு ஆத்தங்கரை வாங்கில் போய் இருக்கிறா, திரும்பி வந்தபின் ஊரில் ஒருத்தரும் முகம் கொடுப்பதில்லை. முடிவு மூன்றில் நான் போய்ப் பார்சலைத் திருப்பி எடுக்கிறேன். நாலாம் நாளாவது தப்பும். ஆனால் தங்கச்சி என்ன நினை—

இதை எழுதும்போதும் அது மதிலில்தான் இருக்கிறது. நாளைக் காலையில் அவர்களை ஏற்ற வான் வரும். முடிவை உங்களிடம் விடுகிறேன்; நீங்கள் நியாயமான ஆட்கள்.

அதுசரி, உங்களுக்கும் சிங்கப்பூரில் ஆரோ இருப்பதாகக் கேள்விப்பட்டேன். ரீச்சரின் பெட்டியில் இன்னும் மூன்று கிலோவுக்கு இடமிருக்கிறது.